கோதுமை உலரும்வரை

கோதுமை இன்னும் உலரவில்லை. கோமதி துணியின் ஓரத்திலிருந்து நாலு மணியை எடுத்து விரலுக்கிடையில் நசுக்கிப் பார்த்தாள். வெந்த பதம் சரி, தோல் பிளந்து உள்ளே வெள்ளை தெரிகிறது, ஆனால் ஈரம் கையில் ஒட்டுகிறது. இந்த ஈரத்தோடு சர்க்கரையைப் போட்டால் கொழகொழவென்று கஞ்சியாகிவிடும், பக்கத்து வீட்டுப் பெங்கா வந்து பார்த்துவிட்டு, இந்தியாக்காரிக்கு இத்தனை வருஷமாகியும் செத்தவர்களுக்குச் சமைக்க வரவில்லை என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போவாள். சமையலறை மேசை முழுக்க வெள்ளைத் துணி, துணி முழுக்க நேற்றுச் சாயங்காலம் வேகவைத்து வடித்த கோதுமை. இன்று செத்தவர்களின் சனிக்கிழமை. இந்தப் பல்கேரிய கிராமத்தில் எல்லா வீட்டு மேசையும் இன்றைக்கு இப்படித்தான் கிடக்கும். உலர்ந்த கோதுமையில் சர்க்கரையும் பொடித்த வால்நட்டும் பிஸ்கட் தூளும் கலந்து, மேலே மாவுச் சர்க்கரையைத் தூவி, கிண்ணம் கிண்ணமாக அக்கம்பக்கம் கொடுப்பார்கள். கொடுக்கிறவள் செத்தவரின் பெயரைச் சொல்ல வேண்டும். வாங்குகிறவர் 'பொக் த ப்ரோஸ்தி' என்று சொல்லி, அந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்லி, அப்புறம்தான் வாயில் போட வேண்டும். கடவுள் மன்னிக்கட்டும் என்று அர்த்தம். மாமியார் போன பிறகு வருஷம் தவறாமல் மாமியார் பெயருக்குச் செய்துவருகிறாள் கோமதி. இந்த வருஷம் கோதுமையைக் களையும்போதே வேறு பெயர் மனசில் வந்து உட்கார்ந்துவிட்டது. சங்கரலிங்கம். மாடியில் அந்தச் சங்கரலிங்கம் வாய் கொப்பளிக்கிற சத்தம் கேட்டது. செத்தவன் எவனும் இவ்வளவு சத்தமாக வாய் கொப்பளித்து அவள் கேட்டதில்லை.

அண்ணன். கூடப் பிறந்த ஒரே அண்ணன். மகனைப் பிளோவ்திவ் மருத்துவக் கல்லூரியில் சேர்க்க வந்தவன், பையனை விடுதியில் விட்டுவிட்டு, தங்கச்சி வீட்டில் இரண்டு பொழுது தங்கிவிட்டுப் போகலாம் என்று பெட்டியோடு வந்து இறங்கியிருக்கிறான். நாளைக்கு விமானம். அத்தை இருக்கா, பாத்துக்கிடுவா என்று பையனிடம் அவள் முன்னாலேயே சொன்னான், என்னமோ இவளைக் கேட்டு வைத்த மாதிரி. ஆடு பகை குட்டி உறவா என்று அப்பா சொல்வார். அப்பா. அங்கே போய் இடித்துக்கொண்டு நிற்கிறது மனசு, எப்போதும் அங்கேதான் போய் இடிக்கிறது. சங்கரன்கோயிலில் அப்பா செத்துப்போன அன்றைக்குக் கோமதி போன் பண்ணியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை, வழக்கமாகப் பேசுகிற நாள். அப்பாவின் போனை அண்ணன் எடுத்தான். அப்பா தூங்குதாரு என்றான். சரி, எழுப்ப வேண்டாம் என்று இவள் வைத்துவிட்டாள், எழுப்ப வேண்டாம் என்று சொன்னாளே அந்த வார்த்தைக்காகத் தன் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம். மறுநாள் பண்ணினாள், அப்பா தூங்குதாரு. அதற்கு மறுநாளும், அதற்கப்புறம் பண்ணிய நாளெல்லாமும் தூங்கினார். மருந்து மாத்தியிருக்காங்க, தூக்கமாத்தான் வருது என்று அண்ணன் விளக்கம் வேறு சொன்னான். பின்னால் ஆட்கள் பேசுகிற சத்தம், பாத்திரம் உருளுகிற சத்தம், யாரோ ஒரு பொம்பளை மூக்கைச் சிந்துகிற சத்தம் எல்லாம் கேட்டது, வீட்டில் ஆள் வந்திருக்கா அண்ணே என்றுகூடக் கேட்டாள், ஆமா, சும்மா வந்திருக்காங்க என்றான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிற்பாடு சித்தப்பா மகள் போனில் வைத்த படத்தில்தான் பார்த்தாள்: அப்பாவுக்கு மாலை. சட்டகத்துக்குள் அப்பா. முன்னால் மொட்டைத் தலையோடு அண்ணன். வெள்ளைக்காரனைக் கட்டிக்கொண்டு போனவள் அவனையும் கூட்டிக்கொண்டு வந்து நிற்பாள், சொந்தக்காரர்கள் மத்தியில் தலை குனிய வேண்டியிருக்கும், அவன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிற நேரம். காரணம் இதுதான். இதையும் அவன் சொல்லவில்லை, சித்தப்பா மகள்தான் சொன்னாள்.

அவள் துணியைத் தூக்கி உதறாமல் நாலு மூலையையும் ஒவ்வொன்றாக இழுத்து, கோதுமையைக் கையால் பரத்தினாள். ஜன்னல் வழியாக வெயில் வந்து மேசையின் பாதியில் நின்றது. வெயில் மறுபாதிக்கு நகர்வதற்குள் உலர்ந்துவிடும். அதுவரைக்கும் அவனுக்கு நேரம் கொடுத்திருக்கிறாள். இது அவனுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஒரு வார்த்தை. உனக்குச் சொல்லியிருக்கணும் என்று ஒரே ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வந்துவிட்டால் இந்தக் கோதுமை மாமியார் பெயருக்கே போகும். வராவிட்டால் அவன் பெயருக்கு. உயிரோடு இருக்கிறவன் பெயரைச் செத்தவர்கள் கோதுமையில் சொல்வதைவிடப் பெரிய பாவம் இந்த ஊரில் இல்லை. ஒருத்தி தன் நாத்தனார் பெயருக்கு அப்படிச் செய்தாளாம், அதற்கப்புறம் அவள் சாகும்வரைக்கும் அவள் கையால் ஒருவரும் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லையாம், பெங்கா குரலைத் தாழ்த்திச் சொல்லியிருக்கிறாள். கோமதி அன்றைக்கு ஐயோ என்றாள். இன்றைக்கு அந்தப் பொம்பளை யார், எந்த வீடு என்று கேட்டு வைத்திருக்கலாமே என்று தோன்றுகிறது. சாமி நம்பிக்கையா இதெல்லாம்? அவளுக்கு இங்கத்துச் சாமியும் அரைகுறை, அங்கத்துச் சாமியும் அரைகுறை. ஆனால் ஊர் கூடிச் சொல்கிற சொல்லில் ஒரு பலம் இருக்கிறது. அண்ணன் ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டுதானே அவளை இல்லாதவள் ஆக்கினான். அதே மாதிரி, ஊர் கூடி, பெயர் சொல்லி, இனிப்பு கொடுத்து. அவன் கையிலேயே கரண்டியைக் கொடுத்து. அப்பா பெயருக்குச் செய்தாலென்ன என்று ஸ்தொயான் போன வருஷம் கேட்டான். நல்ல மனுஷன் அவள் புருஷன், அவனுக்கு இதெல்லாம் புரியாது. அப்பாவைக் கடவுள் எதற்கு மன்னிக்க வேண்டும்? அப்பா என்ன தப்புச் செய்தார்? வெள்ளைக்கார மருமகனிடம் ஞாயிற்றுக்கிழமை தோறும் 'தோபுர் தென்' என்று அவர்கள் பாஷையில் வணக்கம் சொல்லி, தப்பாகச் சொன்னேனா என்று சிரித்துக் கேட்ட மனுஷன். மன்னிப்புத் தேவைப்படுகிறவன் மாடியில் சட்டை மாட்டிக்கொண்டிருக்கிறான். அவளால் மன்னிக்க முடியாது. கடவுள் வேண்டுமானால் மன்னித்துக்கொள்ளட்டும், அவருக்குத்தான் வேறு வேலை இல்லையே.

வால்நட்டை உரலில் போட்டு இடித்தாள். ஸ்தொயான் விடியுமுன்னே புளித்த பிளம் பழப் பீப்பாய்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு ரக்கியா காய்ச்சுகிற பொதுக் கொட்டகைக்குப் போய்விட்டான். அங்கே வரிசை, அவன் முறை வந்து சாராயம் சொட்டி முடிய இருட்டிவிடும். நல்லதாகப் போயிற்று, அவன் இருந்தால் அவள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவான். நேற்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஸ்தொயான் போன வருஷத்து ரக்கியாவைச் சின்ன கிளாஸ்களில் ஊற்றினான். அண்ணன் வேண்டாம் வேண்டாம் என்று வாங்கிக்கொண்டான், அவன் வேண்டாம் என்றால் எப்போதும் அப்படித்தான், சின்ன வயசில் லாலாக் கடை அல்வாவையும் வேண்டாம் வேண்டாம் என்றே முழுசாகத் தின்பான். கோமதி கையிலும் கிளாஸைப் பார்த்ததும் நீயும் குடிப்பியா என்று கேட்டு, கேட்டது தன் காதிலேயே விழாத மாதிரிச் சிரித்து, சினிமாவில் பார்த்தபடி கிளாஸை நீட்டினான், இடிக்க. இங்கே உயிரோடு இருக்கிறவர்களுக்குக் குடித்தால் கிளாஸை இடித்து, கண்ணைப் பார்த்துக் குடிப்பார்கள். செத்தவர்களுக்குக் குடித்தால் இடிப்பதில்லை. கோமதி தன் கிளாஸைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். ஸ்தொயான் ஒரு மாதிரிப் பார்த்தான். அண்ணனோ, அண்ணன் முன்னால் குடிக்கத் தங்கச்சிக்குக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டான். அவனுக்கு எல்லாமே சௌகரியமான அர்த்தத்தில்தான் போய்ச் சேரும். அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து அவள் அவனை நீ என்று சொல்வதில்லை, நீங்க என்கிறாள், பெட்டியைத் தூக்கும்போதும் நீங்க விடுங்க என்றாள். தங்கச்சிக்கு வெளிநாடு போய் மரியாதை வந்துவிட்டது என்று மகனிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டானே, அவனை என்ன செய்ய. கல்லில் முட்டினாலாவது தலை வலிக்கும். இவனிடம் முட்டினால் பஞ்சு.

அவன் இறங்கி வந்தான். விபூதிப் பட்டையோடு, ஸ்வெட்டருக்கு மேலே துண்டைப் போட்டுக்கொண்டு. நடை அப்பா நடை. இதை எதிர்பார்க்கவில்லை கோமதி. இத்தனை வருஷத்தில் அவன் உடம்புக்குள் அப்பா வந்து குடியேறியிருக்கிறார், மரப்படியில் இறங்கும்போது ஒரு கையால் சுவரைத் தொட்டுக்கொண்டே இறங்குகிற அதே பழக்கம். ஒரு கணம் அப்பா என்று கூப்பிட வாயெடுத்தாள். பிறகு அதற்கும் சேர்த்து ஆத்திரம் வந்தது, இதையும் எடுத்துக்கொண்டானா என்று. ஜன்னலோரத்துச் சின்ன மேசையில் பனிட்சாவை வைத்தாள், மெல்லிய மாவுத் தாள்களுக்கிடையில் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்டது. பக்கத்தில் மண்சட்டியில் தயிர். முட்டை போடாமல்தான் சுட்டேன் என்றாள். பாவத்தையும் சுத்தமாகச் செய்கிறவள் அவள், சாகப்போகிறவனுக்கு ஆசாரம் கெடக்கூடாது. அவன் பனிட்சாவைப் பிட்டுத் தயிரில் தோய்த்து, இதையெல்லாம் அங்கே கடை போட்டால் நல்லா ஓடும் என்றான். தயிர் கத்தியால் வெட்டி எடுக்கிற மாதிரி இருக்கே, உறைமோர் கொஞ்சம் ஊருக்குக் கொண்டுபோக முடியுமா என்றான். விடுதிச் சாப்பாட்டில் வெண்டைக்காய் கிடைக்காது போலிருக்கே என்றான். மழை இங்கே எப்போது என்றான். தயிர், வெண்டைக்காய், மழை. ஒவ்வொன்றுக்கும் அவள் பதில் சொன்னாள், ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் ஒரு இடம் விட்டுப் பார்த்தாள், அந்த இடத்தில் அவன் சொல்லலாம். அப்பா என்று ஆரம்பித்தால் போதும். அவன் ஆரம்பித்தான். அப்பா, என்றான். அவள் கை உரலிலேயே நின்றது. அப்பா கட்டில் இருந்ததுல்லா, அத எம் மகளுக்குக் குடுத்தாச்சு, நல்ல தேக்கு என்றான். அவ்வளவுதான். மறுபடி தயிருக்குப் போய்விட்டான். அப்பா செத்துக் கிடந்த கட்டில். அப்பா தூங்கிய கட்டில். அவள் திரும்பிப் பார்த்தபோது வெயில் மேசையின் மறுபாதிக்கு வந்திருந்தது. ஒரு பிடி அள்ளினாள். கோதுமை பொலபொலவென்று விரலிடுக்கில் உதிர்ந்தது.

சர்க்கரையையும் வால்நட்டையும் பிஸ்கட் தூளையும் அளவு பிசகாமல் கலந்து, மேலே மாவுச் சர்க்கரையைத் தூவி, தன் கைப்பக்குவத்தைத் தானே மெச்சிக்கொண்டாள். வெளிக்கதவு கிறீச்சிட்டது, பெங்கா தன் வீட்டுக் கிண்ணத்தைத் துணி போட்டு மூடி எடுத்துக்கொண்டு, தலையில் கறுப்புத் துணி கட்டி உள்ளே வந்தாள். வாசலில் கட்டித் தொங்கவிட்டிருந்த சிவப்பு மிளகாய்ச் சரம் அவள் தோளில் இடித்து ஆடியது. தன் புருஷன் பெயரைச் சொல்லிக் கிண்ணத்தை நீட்டினாள். கோமதி அவருக்காகக் கடவுளைக் கேட்டுக்கொண்டு ஒரு கரண்டி வாயில் போட்டாள். ஜன்னலோரத்தில் மீசையிலிருந்த தயிரைத் துடைத்துக்கொண்டிருந்த மனுஷனைப் பெங்கா பார்த்து, அண்ணனா, அதே மூக்கு என்றாள். அவன் பெயர் அவளுக்குத் தெரியாது. கோமதி இரண்டு நாளாக அதைத் தெருவில் யாரிடமும் சொல்லாமல் பத்திரமாக வைத்திருந்தாள். பெங்கா கோமதியின் கோதுமையைக் குனிந்து பார்த்து, உதிரியாக வந்திருக்கிறது என்று பாராட்டினாள். பிறகு, அண்ணனுக்குப் புரியாத தங்கள் பாஷையில் கேட்டாள்.

"யாருக்கு, கோமா? மாமியாருக்கா?"

இப்போதுகூடச் சொல்லலாம், ஆமாம் மாமியாருக்கு என்று. கெடுவான் கேடு நினைப்பான் என்கிற அப்பாவின் குரல் எங்கிருந்தோ வந்தது, வந்த வேகத்தில் போயும் விட்டது, ஏனென்றால் அதன் பின்னாலேயே அந்த இன்னொரு குரல் வந்தது, அப்பா தூங்குதாரு, மருந்து மாத்தியிருக்காங்க.

"சங்கரலிங்கம்," என்றாள் கோமதி.

தன் பெயர் காதில் விழுந்ததும் அவன் அறிமுகம் செய்துவைக்கிறாள் என்று பாதி எழுந்து, நெஞ்சில் கை வைத்து, தலையைத் தாழ்த்தினான். அந்தக் கை, அந்தத் தலை. பெங்காவுக்கு அது துக்கமாகத்தான் தெரியும், வேறு என்னவாகத் தெரியும். அவள் முகம் இளகியது. பொக் த ப்ரோஸ்தி சங்கரலின், என்று சிலுவை போட்டுக்கொண்டு ஒரு கரண்டி சாப்பிட்டாள். பெயரின் வால் அவள் வாயில் அறுந்துபோனது, அவ்வளவு போதும், ஆள் விளங்கிவிட்டது. கோமதி ஒரு கிண்ணத்தில் அள்ளி அண்ணன் முன்னால் வைத்து, அவங்க சொன்னதை அப்படியே சொல்லிட்டுச் சாப்பிடணும், அதான் இங்க மரியாதை என்றாள். மரியாதை என்றால் அவன் விடுவானா? பொக் த ப்ரோஸ்தி சங்கரலிங்கம், என்று கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் சொல்கிறவன் மாதிரி நிறுத்தி நிதானமாகச் சொல்லி, வாய் நிறையப் போட்டுக்கொண்டான். பெங்கா மெல்லக் கேட்டாள், வயசானவரா என்று. சாகிற வயசில்லை என்றாள் கோமதி. பெங்கா அவள் கன்னத்தைத் தடவிவிட்டு, வயசானவர்கள் வீடுகளுக்கு நானே கொடுத்துவிடுகிறேன் என்று இரண்டு கிண்ணத்தை வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். முடிந்தது. கோமதி காத்திருந்தாள், உள்ளே ஏதாவது இனிக்கும் என்று. நாக்கில் பெங்கா வீட்டுச் சர்க்கரை இனித்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை, வடித்து வைத்த பானை மாதிரி இருந்தது.

நல்லா இருக்கே, சர்க்கரைப் பொங்கல் மாதிரி, ஆனா மெல்ல வேண்டியிருக்கு, என்ன பலகாரம் இது என்று அவன் கேட்டான். சொல்லிவிடுவதுதான் மிச்சம், அவன் முகம் விழுவதைப் பார்த்துவிட்டால் பழி முழுசாகிவிடும்.

"செத்தவங்களுக்குப் பண்ணுதது," என்றாள்.

கரண்டி பாதி வழியில் நின்றது. அவன் கோதுமையைப் பார்த்தான், அதன் மேலே தூவிய வெள்ளையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "அப்பாவுக்கா?" என்றான். அவள் உரலைத் துடைக்க ஆரம்பித்தாள். அவன் எப்போதும் போலத் தன் சௌகரியத்துக்கு அர்த்தம் எடுத்துக்கொண்டான், ஆனால் இந்தத் தடவை அது அவனுக்குச் சௌகரியமாக இருக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டான். துண்டுக்குள்ளிருந்து பேசினான். நீ மொதல்ல போன் பண்ணப்ப அப்பா கூடத்துலதான் கெடந்தாரு, அப்பறமும் போன்ல ஒன் பேரு வந்து வந்து நின்னுச்சு என்றான். அவளுக்குச் சொல்ல வேண்டாம் என்று சித்தப்பாமார் சொன்னார்கள், அவன் சரியென்று தலையாட்டினான். இரண்டாம் நாள் சொல்லிவிடலாம் என்று நினைத்தான், அதற்குள் சொல்ல முடியாத அளவுக்குப் பொய் வளர்ந்துவிட்டது. இந்த இரண்டு நாளாகவும் மாடியில் அதைத்தான் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தான், கீழே இறங்கினால் வெண்டைக்காயும் தயிரும்தான் வருகிறது.

"ஒனக்குச் சொல்லியிருக்கணும்ட்டி. மன்னிச்சிரு."

கோமதி நின்றாள். அதே வார்த்தை. ஒரு எழுத்துக் குறையாமல் அவள் வைத்திருந்த அதே வார்த்தை, கூடக் கொசுறாக இன்னொன்று. வெயில் மேசையைத் தாண்டித் தரைக்கு இறங்கிவிட்டது. பெங்காவைக் கூப்பிட வேண்டும். ஓடிப்போய், இல்லை, தப்பாகச் சொல்லிவிட்டேன், அப்பா பெயர் ஆவுடையப்பன் என்று. ஆனால் ஓடிப்போய் என்ன சொல்வது, யார் அந்தச் சங்கரலின் என்று கேட்டால் என்ன சொல்வது, கிண்ணங்கள் இந்நேரம் எந்தெந்த வீட்டில் வாயில் போயிருக்கும். சொன்னது சொன்னதுதான், தின்றது தின்றதுதான். முற்றத்தின் வேலிக்கு அப்பால் எதிர்வீட்டுக் கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், பெங்கா கொடுத்த கிண்ணம் காலியாகி அவர் கையில் இருந்தது. பொக் த ப்ரோஸ்தி சங்கரலின், என்று சத்தமாகச் சொல்லி, ஜன்னலைப் பார்த்துத் தலை தாழ்த்தினார். அண்ணன் துண்டை விலக்கினான். என் பேரைல்லா சொல்லுதாரு என்றான். கோமதியின் வாய் தானாகவே பேசியது, காரியம் பண்ணுத மகன் பேரத்தான் இங்க சொல்லுவாங்க என்று. பொய் இத்தனை சுலபமாக வரும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. அவனுக்கும் அன்றைக்கு இப்படித்தான் வந்திருக்கும். அவன் நம்பினான். எழுந்து வாசலுக்குப் போய், மிளகாய்ச் சரத்துக்கு அடியில், துக்க வீட்டில் மூத்த மகன் நிற்கிற மாதிரி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கை கூப்பி நின்றான். பெங்கா சொன்ன செய்தி கேட்டு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவரும் அவன் பெயரைச் சொல்லிக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டார்கள். அவன் ஒவ்வொருவருக்கும் தலையைத் தாழ்த்தினான், சிலரோடு சேர்ந்து சொல்லவும் சொன்னான், சொல்லச் சொல்ல உச்சரிப்பு சுத்தமாகிக்கொண்டே வந்தது.

அப்போதுதான் கோமதிக்கு அழுகை வந்தது. அப்பாவுக்கு வராத அழுகை. படத்தைப் பார்த்த அன்றும் வரவில்லை, அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு குளிர்காலத்துக்கு ஊறப்போடுகிற முட்டைக்கோஸ் பீப்பாய்க்கு உப்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். இப்போது மேசையைப் பிடித்துக்கொண்டு, வெறும் துணியில் ஒட்டிக்கொண்டிருந்த நாலு மணிக் கோதுமையைப் பார்த்துக்கொண்டு, அண்ணே அண்ணே என்று, ஒப்பாரி தெரியாதவள் ஒப்பாரி வைக்கிற மாதிரிச் சத்தம் போட்டு அழுதாள். பள்ளிக்கூடத்துக்குப் பையைத் தூக்கி வந்த அண்ணன், அல்வாவில் கடைசித் துண்டை இவளுக்கு வைத்த அண்ணன், வேண்டாம் வேண்டாம் என்றே எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிற அண்ணன். செத்துப்போனான். அவள் சத்தம் கேட்டு அவன் வாசலிலிருந்து ஓடிவந்தான், பக்கத்தில் நின்றான், அவள் தலைமேல் கை வைத்தான்.

"அழு," என்றான். "அப்பாவுக்கு நீ அழவே இல்லல்லா. அழு."

அவள் அழுதாள். அண்ணன் கை தலைமேல் சூடாக இருந்தது.